மலைமேல் தண்ணீர் கொதிப்பதில்லை

ஜியாங்யூ
1984 டிசம்பர் 15, சனிக்கிழமை காலை

அன்பு மகள் யுன்ஜூவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். நவம்பரில் நான் அனுப்பிய நாபிக் கிழங்கு வில்லைகளை அடுப்பில் ஏற்றாதே. ஏற்றிவிட்டு நின்றுகொண்டே இதைப் படிக்கிறாய் என்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்ச் சட்டியை இறக்கு. கறியையும் எடுத்து உண்ணாதே, சாற்றையும் ருசி பார்க்காதே, யாருக்கும் ஒரு கரண்டிகூடக் கொடுக்காதே. யாராவது ஏற்கெனவே ஒரு வாய் சாப்பிட்டு உதடு மரக்கிறது, விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்று சொன்னால் படுத்தால் சரியாகும் என்று விடாதே, அந்த நிமிடமே வண்டியில் ஏற்றி ராணுவ முகாமின் மருத்துவரிடம் கொண்டு போ. இதைப் படித்தாயா, சட்டியை இறக்கிவிட்டாயா, இறக்கிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

உனக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டுப் பிடுங்குகிறாள், இவள் புத்தி போகாது என்று நினைப்பாய். வியாழக்கிழமை உன் அப்பா தந்தி கொடுக்கப் போனார். என்ன எழுதவேண்டும் என்று நான் படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண், "தாத்தா, இவ்வளவு நீளத்தை அந்தப் பனியில எவன் எடுத்துட்டுப் போவான், முக்கியமானதை மட்டும் சொல்லுங்க" என்று தானே அடித்து அடித்துக் கடைசியில் போனது 'மருந்து சமைக்காதே அம்மா' என்ற மூன்றே சொல். கோபக்காரி கோபத்தில் அடித்த தந்தி என்றுதானே அதைப் பார்த்தால் நீ எண்ணுவாய். அதுவும் லிதாங் வரைக்கும்தான் கம்பி. அங்கிருந்து உங்கள் சாலைப் பணி முகாமுக்கு யாராவது அந்தப் பக்கம் வண்டி எடுத்தால்தான் காகிதம் வந்து சேரும், எடுக்காவிட்டால் மேசையிலேயே கிடக்கும். அதனால்தான் இந்தக் கடிதத்தை லாரி ஓட்டுநர் லெங்கிடம் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவர் இன்று மதியம் கிளம்புகிறார். எர்லாங் மலையில் ஏறும் வண்டிகளுக்கு ஒரு நாள், இறங்கும் வண்டிகளுக்கு ஒரு நாள் என்று விடுகிறார்கள், நாள் தவறினால் அடிவாரத்திலேயே கிடக்கவேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் ஏழு நாளில் அங்கே வந்துவிடுவேன் என்கிறார். ஏழாவது நாள் அடுத்த சனிக்கிழமை, வருஷத்திலேயே இரவு நீண்ட நெட்டிரவு நாள், நம் ஊரில் கிழங்குக் கறி வைக்கும் நாள். காலையிலேயே நீ சட்டியை ஏற்றிவிடுவாய், பொழுது சாயும்போது எல்லோரும் கிண்ணத்தோடு வந்து உட்காருவார்கள். அதற்குள் அவர் வந்துவிடவேண்டும் என்று மூன்று நாளாக இதைத்தான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். லெங்கை நீ பார்த்ததில்லை, ஐம்பது வயது இருக்கும், நம் கிழங்குக் களத்தின் மூட்டைகளை உங்கள் மலைப் பக்கம் ஏற்றிப் போகிறவர், வாய் ஓயாது. செவ்வாய்க்கிழமை மூட்டை காயவில்லை என்று களத்தில் உட்கார்ந்திருந்தார். நான் உன் கடிதத்தை நாலாவது தடவையாக எல்லோருக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ எழுதியிருந்தாயே, அம்மா இந்தத் தடவை நீ சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்கிறேன், முகாமில் இருக்கும் பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே சட்டியில் ஆட்டுக்கறியோடு போடுகிறேன் என்று. அதைப் படிக்கும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. லெங் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்க பொண்ணு இருக்கிற ஊர்லயா அண்ணி? அங்க சோறு பல்லுல ஒட்டும், வயித்துல ஒட்டாது. வேகாது." ஏன் வேகாது, விறகு இல்லையா என்றேன். "விறகு என்ன பண்ணும்? தண்ணி கொதிக்கவே மாட்டேங்குதே. குமிழி விடும், ஆட்டம் போடும், சூடு மட்டும் ஏறாது. தளதளன்னு கொதிக்கிற டீயை எடுத்து அப்படியே வாயில ஊத்திக்குவோம் நாங்க." மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டாலுமா என்று கேட்டேன். "மூணு நாள் விடுங்களேன். உயரம் ஏற ஏற அப்படித்தான், ஓட்டுறவன் எவனைக் கேட்டாலும் சொல்வான். அதுக்குத்தானே எல்லா முகாமுக்கும் பிரஷர் குக்கர் குடுத்திருக்காங்க, அதுல போட்டா வெந்துடும்." மடியில் இருந்த முறத்தை நான் கீழே போட்டுவிட்டேன். ஏனென்றால் குக்கரில் போடாதே என்று உனக்கு எழுதியவளே நான்தான்.

எழுதினேனே யுன்ஜூ, என் கையாலேயே எழுதினேனே. விஷம் ஆவியோடு வெளியே போகவேண்டும், அதனால் திருகி மூடுகிற குக்கர் ஆகாது, பெரிய இரும்புச் சட்டியில் மூடியைச் சாய்த்து வைத்து மூன்று மணி நேரம் விடு என்று. இங்கே பிறந்த எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், என் அம்மாவும் அப்படித்தான் வைத்தாள். ஆவியில் ஒன்றும் போவதில்லை, கொதியின் சூட்டில்தான் விஷம் உடைகிறது என்று மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் எனக்கு இப்போது சொல்லித் தருகிறார். முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் களத்தில் கிழங்கை உப்புக் கார நீரில் ஊறப்போட்டு, அவித்து, தோல் உரித்து, வில்லை போட்டு, அலசி அலசிக் காயவைத்து, கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்து மரக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்கிறவள் நான். என் நாக்கு சரி என்று சொன்னால்தான் மூட்டை தைப்பார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு இது தெரியவில்லை, லாரி ஓட்டுகிறவருக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் செய்தேன். உனக்கு அனுப்பியது ஏழு தண்ணீர் பார்த்த வில்லை இல்லை. ஏழு தடவை அலசியதில் சத்து எங்கே இருக்கிறது, கடைக்காரன் பயந்து வாங்குகிறான், நம் வீட்டுக்கு எதற்கு என்று மூன்றாவது தண்ணீரிலேயே எடுத்துவிட்டேன். வேகம் நிறைய இருக்கும் என்றுதான் எடுத்தேன். அதே வில்லைகளிலிருந்து இங்கே கொஞ்சம் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், மரக்கவில்லை. உடனே உனக்கு எழுதினேன், அம்மா நாக்கு பார்த்துவிட்டது, உன் நாக்குக்கு வேலை இல்லை என்று. நம் ஊரில் சமைக்கிறவள் முதலில் ஒரு வில்லையை எடுத்து நாக்கில் வைத்து, அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் வீட்டார் கிண்ணத்தை எடுக்கவேண்டும், எத்தனை அவசரம் என்றாலும் அதை விடமாட்டோம். அந்த ஒரு வழக்கத்தையும் உன்னை விடச் சொன்னேன். மகள் முன்னால் என் திறமையைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு எழுதிய வரி அது.

லெங் சும்மா அளக்கிறார் என்று உன் அப்பா சொன்னார். "அவன் பேச்சை நம்பினா வானத்துல எருமை பறக்கும், நீ போய்ச் சோத்தை வை" என்றார். எனக்கு உட்கார முடியவில்லை. புதன்கிழமை களத்து அடுப்பின் ஓரத்தில் ஒரு பானையை வைத்தேன். மலைமேல் கொதி எப்படி இருக்கும் என்று நீங்களே விரலை விட்டுக் காட்டுங்கள் என்று லெங்கைக் கூப்பிட்டேன். அவர் விரலை விட்டு விட்டு எடுத்து, "இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க... ஆங், இதான் அண்ணி, இதுதான் உங்க பொண்ணு வீட்டுக் கொதி" என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்கு அனுப்பியதிலேயே மிச்சம் வைத்திருந்த வில்லையில் ஒரு பிடியைப் போட்டேன், மூன்று மணி நேரம், கரி குறையாமல், தண்ணீரில் சூடு ஏறாமல், நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாக்கில் வைத்தால் போதாதா என்று நீ கேட்பாய். போதாது. முப்பத்திரண்டு வருஷம் மரத்து மரத்துப் பழகிப்போன நாக்கு இது, இதை இனி நான் நம்பமாட்டேன். மூன்று வில்லையை மென்று விழுங்கினேன்.

காற்படி அரிசி களையும் நேரம்கூட ஆகியிருக்காது, உதடு என்னுடையதாக இல்லை. அப்புறம் கன்னம், அப்புறம் விரல், அப்புறம் கையே தோளோடு எங்கோ போய்விட்டது. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், உள்ளேயிருந்து. வாந்தி எடுத்தேன். நெஞ்சு ஒரு தடவை அடித்து, மறந்துபோய், அப்புறம் நாலு தடவை சேர்த்து அடித்தது. உன் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், அந்த வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு. போகிற வழியெல்லாம் திட்டினார். "பைத்தியக்காரி, யுன்ஜூ அம்மா, உனக்கு என்னடி கேடு, சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா" என்று அழுதுகொண்டே திட்டினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அப்போதும் பார்க்க முடியவில்லை, கண் மங்கிவிட்டது. மருத்துவமனையில் குழாயை விட்டு வயிற்றைக் கழுவினார்கள், ஊசி போட்டார்கள். உன் அப்பா வீட்டுக்கு ஓடிப் பச்சைப்பயறும் அதிமதுரமும் கொதிக்க வைத்துத் தேன் விட்டுக் கொண்டுவந்து ஊட்டப் பார்த்தார், "ஒரு கிழங்கால வந்த வினை போதாதா பெரியவரே, இன்னொரு கஷாயமா" என்று அந்த மருத்துவர் சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். நேற்றுக் காலைதான் வெளியே விட்டார்கள். விரல் நுனியில் இன்னும் முழு உணர்வு இல்லை, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

மூன்று வில்லை யுன்ஜூ. உனக்கு நான் அனுப்பியது ஒரு பை நிறைய. மூன்று வில்லைக்கு மருத்துவமனை நாலு தெரு தள்ளி இருந்தது, தூக்கிக்கொண்டு ஓட உன் அப்பா இருந்தார். உங்களுக்கு அந்தப் பனியில், பதினொரு பேரும் ஒரே சட்டியில் சாப்பிட்டுவிட்டால் யார் யாரைத் தூக்குவது. மாப்பிள்ளை இரண்டு கிண்ணம் குடிப்பார், நான் அனுப்பியது என்பதற்காகவே மூன்றாவது கேட்பார். இதை நினைத்தால் எனக்கு மறுபடியும் நெஞ்சு அடிக்க மறக்கிறது.

ஏன் இதை அனுப்பினேன் என்று உனக்குத் தெரியும். போன வசந்த விழாவுக்கு நீ வந்தபோது உன் கையைப் பிடித்துப் பார்த்தேன், ஐஸ் கட்டி. இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போன பிள்ளைகளை நினைத்து என் வயிறு எரிந்தது. எரிந்தது உள்ளே இருக்கக்கூடாதா, அத்தனை உறவுக்காரர் நடுவில், கல்லு மாதிரி குளிர்ந்த உடம்பில பிள்ளை எப்படித் தங்கும் என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனாய். அப்பா பேருந்து வரைக்கும் வந்தார், நான் வரவில்லை, அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவியதையே திரும்பக் கழுவினேன். தப்பு என்று எழுத எத்தனையோ தடவை பேனா எடுத்தேன். எழுத வரவில்லை. எனக்குத் தெரிந்தது கிழங்கு ஒன்றுதான், உடம்பைச் சூடாக்குவதில் அதற்கு மேல் ஒன்று இல்லை என்றுதான் வளர்ந்தேன், அதனால் மன்னிப்புக்குப் பதிலாக அதைக் கட்டி அனுப்பினேன். இப்போது வாயைத் திறந்து சொல்கிறேன். நான் சொன்னது தப்பு. உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் நீ எனக்குப் போதும்.

சின்ன வயதில் உனக்கு மருந்து கொடுக்கப் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா. வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாய், நான் அந்தப் பக்கம் திரும்பியதும் சாமந்திச் செடியின் தொட்டியில் துப்பிவிடுவாய். அந்தச் செடி ஒரு வருஷம் தாங்கியது. சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று ஊர் முழுக்க உன்னைப் பற்றிப் புகார் சொல்லி வைத்திருக்கிறேன். மலைமேல் வேலை செய்கிறவனைக் கட்டாதே என்றேன், கட்டிக்கொண்டாய். ஊருக்கு மாற்றல் கேள் என்றேன், கேட்கவில்லை. இருபத்தேழு வருஷம் கழித்து இப்போதுதான் எழுத்துக்கு எழுத்து கேட்கிறேன் என்று எழுதுகிறாய். எங்கேயாவது சோம்பல் பட்டு அந்தப் பையை மூலையில் போட்டு மறந்துவிட்டாய் என்றால், எலி தின்றுவிட்டது என்றால், யாருக்கோ தானம் கொடுத்துவிட்டாய் என்றால்கூட, ஐயோ தானம் கொடுக்காதே, அது வேறு ஒரு வீட்டைக் கெடுக்கும். மறந்துவிடு. மறந்துதான் இருக்கவேண்டும் என்று படுக்கையில் கிடந்து இரண்டு நாளாக அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம், இதை நன்றாகக் கேள். களத்திலிருந்து அரைகுறை வில்லையை வெளியே எடுப்பது குற்றம் என்று உனக்குத் தெரியும், எழுதி ஒட்டியே இருக்கிறது. யாருக்காவது ஏதாவது ஆகி மருத்துவர் கேட்டால் என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று நீ வாயை மூடிக்கொள்வாய். நீ அப்படிப்பட்டவள்தான், பள்ளிக்கூடத்தில் உன் சிநேகிதி கண்ணாடி உடைத்ததற்கு நீ அடி வாங்கிக்கொண்டு நின்றவள். அதனால் உனக்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நேற்று மருத்துவமனையிலிருந்து நேராகக் களத்துத் தலைவர் கோவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "திங்சியூ அக்கா, இது என் வேலைக்கும் சேர்த்து உலை வைக்கும்னு தெரியுமில்ல" என்று கேட்டார். தெரியும் என்றேன். அதற்கு அவர் எழுந்துபோய் டெலிபோனைச் சுற்ற ஆரம்பித்தார், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். செங்டு கிடைத்தது, காங்டிங் கிடைத்தது, அதற்கு மேல் பனியில் கம்பி அறுந்து கிடக்கிறதாம். ஒரு மணி நேரம் சுற்றினார். மறுபடியும் இன்று சுற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். என்னை நாக்கு பார்க்கிற வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது, மூட்டை தைக்கப் போடலாம், வீட்டுக்கே அனுப்பலாம், எதுவாக இருந்தாலும் சரி. ஆகையால் மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லை, மருத்துவர் கேட்டால் நாபிக் கிழங்கு, மூன்றாம் தண்ணீர் வில்லை, கொடுத்தவள் என் அம்மா சியன் திங்சியூ என்று என் பெயரோடு சொல். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் அவர்கள் சரியான ஊசியைப் போடுவார்கள்.

நானே வருகிறேன் என்றுதான் லெங்கிடம் முதலில் கேட்டேன். உன் அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு அந்த உயரத்துக்குப் போனா நீ பாதி வழியிலயே போய்ச் சேர்ந்துருவ, அப்புறம் அவளுக்கு யாரு சொல்றது" என்றார். மருத்துவரும் பத்து நாளைக்குப் படியே ஏறாதே என்கிறார். சரி என்று விட்டுவிட்டேன், வேறு என்ன செய்ய. லெங் நல்ல மனிதர். "பெத்த பொண்ணுக்குச் சொல்ற மாதிரி சொல்லிடறேன் அண்ணி, காகிதத்தைக் குடுங்க" என்கிறார். ஆனால் அவர் வாய் எல்லா ஊரிலும் நின்று பேசும் வாய். தேநீர் கடையில் ஒரு கதை ஆரம்பித்தால் அன்றைக்கு வண்டி நகராது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வீட்டுச் செய்தி ஒன்றும் எழுதாமல் விட்டேன் என்று நினைக்காதே. பன்றி ஒன்பது குட்டி போட்டது, ஒன்றை அதுவே மிதித்துவிட்டது, எட்டும் நன்றாக இருக்கின்றன. எதிர்வீட்டில் டெலிவிஷன் வாங்கிவிட்டார்கள், தெருவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, அப்பா மட்டும் போகமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். மாப்பிள்ளைக்குக் கம்பளிக் கால்சட்டை பின்னுகிறேன், ஒரு கால் முடிந்தது, இன்னொரு காலுக்கு இந்த விரல் சரியாகவேண்டும். நீ முழங்காலுக்குக் கம்பளி கட்டிக்கொள்கிறாயா. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நெட்டிரவு நாளுக்கு ஆட்டுக்கறியை இஞ்சி மட்டும் போட்டு வை, அது போதும், மலைமேல் எந்த மருந்தும் கறியில் வேண்டாம், இனி ஒருபோதும் வேண்டாம். கறி மட்டுமாவது குக்கரில் நன்றாக வேகட்டும்.

கிழங்கை என்ன செய்வது என்று கேட்பாய். நம் வீட்டு வழக்கப்படி மருந்துச் சக்கையைச் சாலையில் கொட்டாதே. நடப்பவர் காலோடு நோய் போகட்டும் என்று கொட்டுவோமே, இதை அப்படிச் செய்யாதே, நாய் தின்னும், காட்டெருமைக் கன்று நக்கும், மாப்பிள்ளையின் ஆட்கள் மண்வெட்டியோடு நிற்கும் சாலை அது. ஆழமாகக் குழி தோண்டிப் பையோடு புதை. சட்டியையும் கரண்டியையும் மூன்று தடவை கழுவு. அதில் ஊறிய தண்ணீர் இருந்தால் அதையும் அந்தக் குழியிலேயே ஊற்று.

லெங் வண்டியைக் களத்திலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது, சத்தம் கேட்கிறது. இதற்கு மேல் எழுத நேரம் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது இருக்கவேண்டும், முகாமில் வேலை பார்க்கும் மற்ற ஒன்பது பிள்ளைகளும் அவரவர் அம்மாவிடம் முழுசாகத் திரும்பிப் போகவேண்டும், நான் ஆயுசுக்கும் கேட்டது இவ்வளவுதான். படித்ததும் பதில் போடு. நீளமாக வேண்டாம். சாப்பிடவில்லை என்று ஒரு சொல் போதும். கோபமாக எழுதினாலும் சரி, உன் கையெழுத்தாக இருந்தால் போதும்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா
சியன் திங்சியூ

யுன்ஜூ, அப்பா எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. உன் அம்மா இந்தக் கடிதத்தை லெங்கிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனாள். திரும்பி வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டது. முன் சீட்டில் அவளுடைய நீலத் தலைத்துணி தெரிந்தது. மருத்துவர் வேண்டாம் என்றார், நான் வேண்டாம் என்றேன், சரி என்று எழுதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உன் பிடிவாதம் யாருடையது என்று இத்தனை வருஷம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடிதத்தை மேசைமேல் சுடுநீர்க் குடுவைக்கு அடியில் மறந்துவிட்டாள். அதனால் தபாலில் போடுகிறேன். இது உன்னிடம் வரும்போது நெட்டிரவு நாள் போயிருக்கும், அவள் வந்து சேர்ந்திருப்பாள். கோ மறுபடியும் டெலிபோனைச் சுற்றிக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் கையுறை எடுத்துப் போகவில்லை. அந்த விஷத்துக்கு அப்புறம் அவள் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கிறது. கொஞ்சம் பிடித்துக்கொள்.

அப்பா